புழு மருந்துக்குப் பழகிப் போகிறதா?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ராயக்கோட்டைப் பக்கம் உங்கள் தோட்டத்தில் கோஸ் போட்டிருக்கிறீர்கள். இரண்டு வருடமாக நன்றாகக் கேட்ட மருந்து இந்தத் தடவை கேட்கவில்லை. "புழு மருந்துக்குப் பழகிப் போச்சு" என்கிறார் அப்பா. விலங்கியல் படிக்கும் நீங்கள் "இல்லப்பா, இது இயற்கைத் தேர்வு" என்றிருக்கிறீர்கள். "நீ புத்தகத்துல இருக்கற பேரைச் சொல்ற, நான் ஊர்ல பேசறதைச் சொல்றேன், ரெண்டும் ஒண்ணுதானே" என்று அவர் கேட்க, உங்களுக்குப் பதில் வரவில்லை. கடைசியில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: வலியதுதான் வாழும் என்றால் நோஞ்சானெல்லாம் ஏன் இன்னும் உலகத்தில் இருக்கிறது? நான் படித்த வரையில் நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான்: மாறுவது தனியொரு புழுவா, புழுக்கூட்டமா?

நான் பூச்சியியல் படித்தவன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பயிர்ப் பாதுகாப்பு வேலை. பாலக்கோடு தக்காளி, ராயக்கோட்டை கோஸ், ஓசூர்ப் பக்கத்துக் காய்கறி என்று இந்த மண்ணிலேயே சுற்றியவன். மரபணு ஆய்வு என் கைவேலை இல்லை. அந்தப் பகுதியைப் படித்துத் தெரிந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். புழுவையும் வயலையும் பற்றிச் சொல்வது கண்ணால் பார்த்தது. அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் சுருக்கமாக: இரண்டும் ஒன்றில்லை. எந்தப் புழுவும் பழகவில்லை. பழகாமலேயே தாங்கக்கூடிய சில புழுக்கள் முதலிலிருந்தே இருந்தன. இப்போது தோட்டம் முழுக்க அவற்றின் வாரிசுகள்.

இதை வெறும் வாதமாகச் சொல்லவில்லை, நேரில் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் புழு பெரும்பாலும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவாகத்தான் இருக்கும். இளம்பச்சை, அரை அங்குலம்கூட இருக்காது, தொட்டால் பின்பக்கமாக வெடுக்வெடுக்கென்று நெளிந்து நூல் விட்டு இறங்கும். சின்னப் புழுக்கள் இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்று மேல்தோலை மட்டும் விட்டுவிடுவதால் இலையில் கண்ணாடித்தாள் ஒட்டியதுபோல் வட்டங்கள் தெரியும். ஒருமுறை இரண்டு தோட்டங்களிலிருந்து இந்தப் புழுக்களைத் தனித்தனி டப்பாக்களில் கொண்டு வந்தோம். ஒன்று வாரம் தவறாமல் ஒரே மருந்தை அடித்த தோட்டம். மற்றது வீட்டுக்கென்று போட்ட பத்துப் பாத்தி, மருந்தே அடிக்காதது. புழுக்களை அப்படியே சோதிக்கவில்லை. அவற்றைக் கூட்டுப்புழுவாக்கி, அந்துப்பூச்சியாக்கி, முட்டையிட வைத்து, அந்த முட்டையிலிருந்து வந்த புழுக்களைத்தான் சோதனைக்கு எடுத்தோம். கோஸ் இலையை வட்டமாக வெட்டி, மருந்துக் கரைசலில் சில நொடி முக்கி, நிழலில் உலர்த்தி, மூடியுள்ள கண்ணாடித் தட்டில் வைத்து, தட்டுக்குப் பத்துப் புழு விட்டோம். மூன்றாம் நாள் காலை பாத்தித் தோட்டத்துத் தட்டில் புழுக்கள் சுருங்கிக் கிடந்தன. பக்கத்துத் தட்டில் அதே கரைசலில் முக்கிய இலை வலை வலையாக அரிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் ஒரு புழு கூடு கட்டவே ஆரம்பித்துவிட்டது. இந்தப் புழுக்களின்மேல் அதற்கு முன் ஒரு சொட்டு மருந்துகூடப் பட்டதில்லை என்பதைக் கவனியுங்கள். பழகுவதற்கே வாய்ப்பில்லாத புழு, முதல் முறை மருந்தைத் தின்று பிழைத்தது.

இதைக் கேட்டால் அப்பா என்ன கேட்பார் என்று தெரியும், ஏனென்றால் அன்றைக்கு அந்தத் தோட்டக்காரரும் அதையேதான் கேட்டார்: "தாய்ப்பூச்சி பழகி, அதைப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கலாமே?" நல்ல கேள்வி. 1809இல் லாமார்க் என்ற பிரெஞ்சு அறிஞர் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்: வாழ்நாளில் உடம்பு அடைந்த மாற்றம் பிள்ளைக்குப் போகும் என்று. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்குப் பதில் வாயிலேயே இருக்கிறது. பல்லைச் சொல்கிறேன். தர்மபுரியில் பல ஊர்களில் ஒரு தலைமுறையே காவி படிந்த பல்லோடு வளர்ந்தது. அப்பாவுக்கு அப்படி, மகனுக்கும் அப்படி, பேரனுக்கும் அப்படி. "பரம்பரைப் பல்லு" என்றே பேசினார்கள், பெண் பார்க்கப் போகும் இடத்தில்கூட அதைச் சொல்லிக் கழித்தவர்கள் உண்டு. காரணம் தண்ணீர். பாறைக்குள்ளிருந்து வரும் போர்த் தண்ணீரில் புளோரைடு அதிகம். பல் முளைக்கும் முன், ஈறுக்குள் பல்லின் மேல்பூச்சான எனாமல் உருவாகும் சின்ன வயதில், அது எனாமலைக் கெடுத்துவிடுகிறது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. பிறந்ததிலிருந்து நல்ல தண்ணீர் குடிக்கும் பிள்ளைக்கு, அம்மா அப்பா இருவருக்கும் காவிப்பல் இருந்தாலும், பல் வெள்ளையாகத்தான் முளைக்கும். பெற்றோரின் பல்லில் நடந்தது அவர்களுடைய விந்திலோ கருமுட்டையிலோ எழுதப்படவில்லை. மூன்று தலைமுறைக்கும் பொதுவாக இருந்தது கிணறுதான், ரத்தம் இல்லை. ஒரு தன்மை வீட்டில் எல்லோருக்கும் இருப்பதாலேயே அது மரபு வழியாக வந்தது என்று முடிவு கட்டக் கூடாது.

சரி, பல்லுக்கு அப்படி, மருந்து எதிர்ப்புக்கு? அங்கே மாற்றம் மருந்துக்கு முன்பே இருந்ததா, மருந்து பட்ட பிறகு வந்ததா என்று நேரடியாகப் பார்க்க வேண்டும். அதைப் பார்த்தவர்கள் அமெரிக்காவில் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் என்ற தம்பதி, 1952இல். புழுவில் இல்லை, பாக்டீரியாவில். ஒரு தட்டில் பாக்டீரியாக்களைப் புள்ளி புள்ளியாக வளர விட்டார்கள். வெல்வெட் துணியை அதன்மேல் மெல்ல ஒற்றி, அந்தத் துணியை ஆன்ட்டிபயாட்டிக் கலந்த தட்டுகளில் ஒற்றினார்கள். கோலத்துக்கு அச்சு வைப்பதுபோல், எந்தப் புள்ளி எங்கே இருந்ததோ அதே இடத்தில் புதிய தட்டிலும் விழும். மருந்துத் தட்டுகளில் பெரும்பாலானவை செத்தன, ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் வளர்ந்தது. ஒவ்வொரு மருந்துத் தட்டிலும் அதே இடத்தில். பிறகு மருந்தே படாத மூலத் தட்டுக்குத் திரும்பி, அந்த இடத்திலிருந்து எடுத்துப் பார்த்தால் அங்கேயும் எதிர்ப்புள்ள பாக்டீரியா இருந்தது. மருந்து அதை உண்டாக்கவில்லை, கண்டுபிடித்துக் கொடுத்தது. இந்தச் சோதனையை வகுப்பில் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இது பரிணாமத்தின் மிக அழகான சோதனைகளில் ஒன்று. ஒரு துணியை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய கேள்வியைத் தீர்த்துவிட்டார்கள்!

அப்படியானால் அந்த ஒன்றிரண்டு தாங்கும் புழுக்கள் எங்கிருந்து வந்தன? கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதற்கு மாந்தோப்பைக் காட்டினால் போதும். ஒரே பெங்களூரா மரத்தில் பறித்த பத்து மாங்கொட்டையை ஊன்றிப் பாருங்கள். பத்தும் பத்து விதமாக வரும். ஒன்று புளிக்கும், ஒன்று நார் நாராக இருக்கும், ஒன்றுகூடத் தாய்மரம்போல் அப்படியே காய்க்காது. அதனால்தான் நாம் கொட்டை போடாமல் ஒட்டுக் கட்டுகிறோம். தோப்பில் நிற்கிற ஒட்டுப் பெங்களூரா ஒவ்வொன்றின் மேல்பாதியும் ஏதோ ஒரு காலத்து ஒற்றை மரத்தின் துண்டுதான். அங்கே வேறுபாடு கிட்டத்தட்ட கிடையாது, அதனால் இயற்கை தேர்ந்தெடுக்கவும் ஒன்றுமில்லை. புழுக்கூட்டம் ஒட்டுச்செடி இல்லை, கொட்டைச்செடி. தாயும் தகப்பனும் கலந்து ஒவ்வொரு முட்டையும் ஒரு புதுச் சேர்க்கை. அதற்கு மேல், மரபணு படியெடுக்கப்படும்போது எப்போதாவது ஓர் எழுத்து பிசகும். பாடப்புத்தகத்தில் இதைச் சடுதி மாற்றம் என்று படித்திருப்பீர்கள். பெரும்பாலான பிசகு எதையும் செய்யாது, சில கெடுதல் செய்யும், மிகச் சில ஒரு குறிப்பிட்ட சூழலில் உதவும். எது உதவும் என்று பிசகுக்குத் தெரியாது. தேவைப்படுகிறது என்பதற்காக அது வருவதில்லை.

கோஸ் புழுவிலேயே ஒரு எடுத்துக்காட்டு. புளுபெண்டியமைடு, குளோரான்ட்ரனிலிபுரோல் என்ற மருந்துகள் புழுவின் தசைக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் ஒரு புரதத்தில் போய் ஒட்டும். தசை இறுகி, புழு தின்ன முடியாமல் சாகும். 2007ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்தவை. சில வருடங்களிலேயே பிலிப்பைன்சிலும் தாய்லாந்திலும் வைரமுதுகுப் புழு சாகாமல் நின்றது. பிரித்துப் பார்த்தபோது, அந்த நீண்ட புரதத்தில் 4946ஆவது இடத்தில் கிளைசீன் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் குளூட்டாமிக் அமிலம் என்ற வேறொன்று இருந்தது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மணிகள் கோத்த மாலையில் ஒரே ஒரு மணி மாறியிருக்கிறது. மருந்து ஒட்டும் இடம் கெட்டுவிட்டது, புரதத்தின் வேலை கெடவில்லை.

இனி அப்பாவோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். எண்கள் நான் வைத்துக்கொண்டவை, வயலில் எண்ணியவை இல்லை. ஆனால் போக்கு உண்மை. தோட்டத்தில் ஒரு லட்சம் புழு. அதில் 10 மட்டும் தாங்கும் வகை. மருந்து சாதாரணப் புழுவில் நூற்றுக்கு 95ஐக் கொல்லும், தாங்கும் வகையில் நூற்றுக்கு 10ஐத்தான் கொல்லும். முதல் அடிப்புக்குப் பின் மிஞ்சுவது சாதாரணம் 5,000, தாங்குவது 9. தோட்டக்காரர் பார்வையில் ஒரு லட்சம் ஐயாயிரமாகிவிட்டது, நல்ல மருந்து. மிஞ்சியவை பெருகி மறுபடி ஒரு லட்சம் ஆகும்போது தாங்கும் வகை 180 ஆகியிருக்கும். இரண்டாம் அடிப்பு: மிஞ்சுவது மொத்தம் சுமார் 5,150. இன்னும் நல்ல மருந்துதான். ஆனால் இப்போது மிஞ்சியதில் தாங்கும் வகை நூற்றுக்கு 3. மூன்றாம் அடிப்பு: மிஞ்சுவது சுமார் 7,700. "கொஞ்சம் சரியாக அடிபடலை போல" என்று தோன்றும், அவ்வளவுதான். ஆனால் மிஞ்சியதில் தாங்கும் வகை நூற்றுக்கு 37. நான்காம் அடிப்பில் மிஞ்சுவது முப்பத்தாறாயிரத்துக்கு மேல். பத்தில் ஒன்பது தாங்கும் வகை.

இந்தக் கணக்கில் ஒரு புழுகூடத் தன் வாழ்நாளில் மாறவில்லை என்பதைப் பார்த்தீர்களா? சாதாரணப் புழு சாதாரணமாகவே பிறந்து செத்தது. தாங்கும் புழு தாங்கும் புழுவாகவே பிறந்தது. மாறியது விகிதம் மட்டும். நீங்கள் சொன்ன இயற்கைத் தேர்வு இதுதான். மூன்று அடிப்பு வரை கண்ணுக்கு எதுவும் தெரியாமல், நான்காவதில் திடீரென்று கவிழ்ந்ததால்தான் "நேத்து வரைக்கும் கேட்ட மருந்து இன்னைக்குக் கேக்கல, புழு பழகிடுச்சு" என்று தோன்றுகிறது. அப்பா பார்த்தது பொய்யில்லை. உள்ளே முதல் நாளிலிருந்தே நடந்துகொண்டிருந்தது வெளியே கடைசி நாளில் தெரிந்திருக்கிறது.

"பழகிவிட்டது" என்ற சொல் ஏன் என்னை உறுத்துகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பழகியது என்று நினைத்தால் அடுத்து மனதுக்குத் தோன்றுவது அளவைக் கூட்டுவது: பத்து லிட்டர் டேங்குக்கு 5 மில்லி போட்டவர் 10 மில்லி போடுவார். மேலே உள்ள கணக்கில் மருந்து 95க்குப் பதில் 99 சாதாரணப் புழுவைக் கொல்வதாகவும், தாங்கும் வகை முன்போலவே தாங்குவதாகவும் வைத்துப் போட்டுப் பாருங்கள். நான்காவதில் வந்த கவிழ்ப்பு மூன்றாவதிலேயே வந்துவிடும். தாங்கும் புழுவுக்குப் போட்டியாக இருந்த சாதாரணப் புழுக்களை நாமே துடைத்துக் கொடுக்கிறோம். இரட்டிப்பு அளவை இரண்டு வருடம் அடித்துக் கடனாகிப்போன குடும்பங்களை எனக்குத் தெரியும். காசு போனதோடு, மருந்து அடித்தவருக்கு வாந்தியும் தலைசுற்றலும் மிச்சம். அதனால் இது எனக்கு வெறும் சொல் தகராறாகத் தெரியவில்லை.

இதெல்லாம் மனிதன் அடித்த மருந்து, இதில் "இயற்கை" எங்கே என்று கேட்கலாம். மருந்து அடித்தது மனிதன்தான், ஆனால் தாங்கும் புழுவை வேண்டும் என்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ராகியில் நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைப்பது தெரிந்து செய்யும் தேர்வு. டார்வின் புறா வளர்ப்பவர்களிடமிருந்து அந்தத் தேர்வைக் கற்றுக்கொண்டு, கை இல்லாத இடத்திலும் அது நடக்கும் என்று காட்டினார். அவரும் வாலஸ் என்ற இன்னொரு இயற்கை ஆய்வாளரும் தனித்தனியாக இதே எண்ணத்துக்கு வந்து, 1858இல் இருவரின் கட்டுரைகளும் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. டார்வினின் நூல் 1859இல் வந்தது. வேறுபாடு பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்பது அவருக்கே தெரியாது. பட்டாணிச் செடியை வைத்து அதைக் காட்டிய மெண்டலின் கட்டுரை 1866இல் அச்சாகியும் அவர் காலத்தில் கவனிக்கப்படாமலே போயிற்று.

கை படாத இடத்தில் நடந்ததற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு பசிபிக் கடலில் கலாபகோஸ் தீவுகளில் ஒன்றான டாஃப்னி மேஜர். 1973இலிருந்து பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி அங்கே ஒவ்வொரு குருவியையும் பிடித்து வளையம் போட்டு அலகை அளந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. மெல்லிய சின்ன விதைகள் தீர்ந்துபோயின. கடைசியில் மிஞ்சியவற்றில் முக்கியமானது என்ன தெரியுமா? நெருஞ்சி. நம் கொல்லையில் காலில் குத்துவதன் இனம்தான். அந்த முள்ளை உடைக்கப் பருத்த அலகு வேண்டும். பெரும்பாலான குருவிகள் செத்தன. பிழைத்தவை சராசரியில் பருத்த அலகுள்ளவை, அடுத்த வருடம் பிறந்த குஞ்சுகளின் சராசரி அலகும் பழைய சராசரியைவிட அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பருத்திருந்தது. பசியில் எந்தக் குருவியின் அலகும் வளரவில்லை. 1983இல் பேய்மழை, சின்ன விதைகள் ஏராளம், இப்போது சின்ன அலகு உள்ளவை மேலாகத் தழைத்தன. திசையே திரும்பிவிட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அந்தக் குருவியே பதில். வலியது என்று நிரந்தரமாக ஒன்று கிடையாது. 1977இல் வென்ற அலகு 1983 மழைக்குப் பிறகு பின்தங்கியது. "தக்கன பிழைத்தல்" என்ற சொல்லே டார்வினுடையது இல்லை; ஸ்பென்சர் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர் 1864இல் சொன்னதை டார்வின் பிறகு தன் நூலின் ஐந்தாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். அதில் "தக்கது" என்றால் மல்யுத்தக்காரன் என்று பொருளில்லை, அந்த இடத்தில் அந்தக் காலத்தில் அதிகப் பிள்ளைகளை விட்டுச் செல்வது, அவ்வளவுதான். மருந்தைத் தாங்கும் புழு சில நேரம் மருந்தில்லாத தோட்டத்தில் சாதாரணப் புழுவைவிட மெதுவாக வளரும், குறைவாக முட்டையிடும். அங்கே அதுதான் நோஞ்சான். மனிதரில் அரிவாள் செல் சோகை என்ற ரத்த நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்தால் கொடிய நோய், ஒரு பக்கம் மட்டும் வந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. நீலகிரிப் பழங்குடியினரிடம் அது இருப்பது 1952இல் பதிவானது. மலேரியா இருந்த காட்டில் அது ஏன் அழியவில்லை என்பதற்கு இந்தக் கணக்கே விளக்கம். ஒருவர் நோய்வாய்ப்பட்டிருப்பதைக் காட்டி "இயற்கை கழித்துவிட வேண்டியவர்" என்று பேசுகிறவர்களுக்கு இந்த அறிவியலில் எந்த ஆதாரமும் கிடையாது. இதை அழுத்தியே சொல்ல விரும்புகிறேன்.

இதுவரை சொன்னது உறுதியானது. வேறுபாடு உண்டு, அது மரபாகப் போகிறது, அதனால் பிள்ளைகளின் எண்ணிக்கை மாறுகிறது என்ற மூன்றும் சேர்ந்தால் கூட்டம் மாறியே தீரும். ஆனால் உறுதி குறைந்த இடங்களும் உண்டு. அப்பா சொல்லும் "பழக்கம்" முழுக்க இல்லாத ஒன்றும் இல்லை. கொஞ்சம் நஞ்சு பட்ட புழுவின் உடம்பில் நஞ்சைச் சிதைக்கும் நொதிகள் சில நாள் கூடுதலாகச் சுரப்பது உண்டு. ஆனால் அது அந்தப் புழுவோடு பெரும்பாலும் முடிந்துவிடும், வயல் முழுக்க மருந்து தோற்பதை அதை வைத்து விளக்க முடியாது. மரபணு எழுத்து மாறாமலே ஏதோ ஒரு குறி அடுத்த தலைமுறைக்குப் போகிறதா என்ற ஆராய்ச்சியும் நடக்கிறது. பூச்சி எதிர்ப்பில் அதற்கு எவ்வளவு பங்கு என்பது இன்னும் தீரவில்லை. எதிர்ப்புக்கு எப்போதும் விலை உண்டா என்றால் அதுவும் மருந்துக்கு மருந்து வேறுபடுகிறது. சிலவற்றில் விலையே தெரிவதில்லை, அங்கே மருந்தை நிறுத்தினாலும் பழைய நிலை எளிதில் திரும்பாது. கூட்டத்தில் நடக்கும் மாற்றமெல்லாம் தேர்வு என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்னக் கூட்டத்தில் குருட்டு அதிர்ஷ்டத்தாலேயே ஒரு தன்மை கூடும், குறையும். நான் போட்ட கணக்கும் எளிமையாக்கியது. உண்மையில் பூச்சிகள் ஒன்றோடொன்று கூடும், பக்கத்துத் தோட்டத்திலிருந்து பறந்து வரும், குழித்தட்டு நாற்றோடு லாரியிலும் வரும். உங்கள் தோட்டத்துத் தாங்கும் புழு அங்கேயே தோன்றியதா, வந்து சேர்ந்ததா என்பதை மரபணுவைப் படித்தால் ஒழியச் சொல்ல முடியாது.

அதைவிட முக்கியமான ஐயம் ஒன்று: உங்கள் தோட்டத்தில் நடந்தது எதிர்ப்புத்தான் என்று இங்கிருந்து நான் சொல்லக் கூடாது. கோஸ் இலையில் மெழுகு உண்டு. ஒட்டும் திரவம் சேர்க்காமல் அடித்தால் மருந்து முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும். புழு இருப்பது இலையின் அடியில், நாம் அடிப்பது மேலே. நம் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமும். அதில் சில மருந்துகள் டேங்கிலேயே வீரியம் இழக்கும். காலாவதியான சரக்கும் கடையில் இருக்கும். இவை எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே எதிர்ப்பைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் இந்தப் புழுவின் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் சீக்கிரம் வரும். 1953இலேயே ஜாவாத் தீவில் டிடிடி என்ற பழைய பூச்சிமருந்துக்கு எதிர்ப்புக் காட்டிய பயிர்ப்பூச்சி இது. பிடி (Bt) என்ற பாக்டீரியாவிலிருந்து செய்த மருந்தை வயலில் முதலில் தோற்கடித்ததும் இதுதான். இதுவரை தொண்ணூறுக்கும் மேற்பட்ட மருந்துகளுக்கு எங்காவது ஓரிடத்தில் எதிர்ப்புப் பதிவாகியிருக்கிறது. வெப்பமான இடத்தில் மூன்று வாரத்துக்குள் ஒரு தலைமுறை. வருடத்தில் அதற்கு எத்தனை வாய்ப்பு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

அப்புறம், என்ன செய்வது? மருந்தை மாற்றி அடியுங்கள் என்றால் பலர் பெயரை மாற்றி அடிக்கிறார்கள். மேலே சொன்ன புளுபெண்டியமைடும் குளோரான்ட்ரனிலிபுரோலும் வேறு வேறு டப்பா, வேறு வேறு விலை. ஆனால் ஒட்டுவது ஒரே புரதத்தில். புழுவின் உடம்பில் எங்கே தாக்கும் என்பதை வைத்து மருந்துகளைக் குழு குழுவாகப் பிரித்திருக்கிறார்கள், அதில் இரண்டும் 28ஆம் குழு. ஒன்றைத் தாங்கும் புழு மற்றதையும் பெரும்பாலும் தாங்கும். ஸ்பினோசாட் 5ஆம் குழு, எமாமெக்டின் 6ஆம் குழு. இவை வேறு இடத்தில் தாக்குபவை. மாற்ற வேண்டியது குழுவை, அதுவும் புழுவின் ஒரு தலைமுறைக்கு ஒரு குழு என்ற கணக்கில். கோஸ் 25 வரிசைக்கு ஒருமுறை 2 வரிசை கடுகு விதைப்பது பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன வழி; தாய்ப்பூச்சி கடுகைத் தேடிப் போய் முட்டையிடும். வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம் சின்னப் புழுவுக்கு நன்றாக வேலை செய்யும். புழுவுக்குள் முட்டையிடும் குளவிகள் நம் பக்கம் உண்டு. வாரம் தவறாமல் அடிக்கும் தோட்டத்தில்தான் அவற்றைக் காணோம். மருந்து அடிக்காத ஓரப் பாத்தியைப் பார்த்து எரிச்சல்படாதீர்கள். அங்கே வளரும் சாதாரணப் பூச்சி தாங்கும் பூச்சியோடு கூடித்தான் அந்த விகிதம் ஏறுவதைத் தாமதப்படுத்துகிறது. அந்தப் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த பிடி பருத்தியோடு சாதாரணப் பருத்தியும் ஓரத்தில் விதைக்கச் சொன்னதற்குக் காரணம் இதுவே. அதைப் பெரும்பாலோர் செய்யவில்லை, இன்று இளஞ்சிவப்புக் காய்ப்புழு என்ன பாடு படுத்துகிறது என்று பருத்திக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கடைசி மூன்று பயிருக்கு என்னென்ன மருந்து, டேங்குக்கு எத்தனை மில்லி, எத்தனை நாள் இடைவெளியில் அடித்தீர்கள் என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். காலி டப்பாக்கள் கிடந்தால் லேபிளில் உள்ள மருந்தின் பெயரையும் பாருங்கள், கம்பெனிப் பெயர் வேண்டாம். அது தெரிந்தால் எந்தக் குழுவுக்கு முதலில் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று சொல்ல முடியும். இலை முக்கும் சோதனையை உங்கள் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தட்டை மூடுவதற்கு முன் இலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், வெறும் தண்ணீரில் முக்கிய இலையோடு ஒரு தட்டு தவறாமல் வையுங்கள்.